மாந்தோப்பு குடும்பம் 🥭 கவின் காதுகுத்து ஞாயிறு

செவ்வாய்

செல்வி பெரியம்மா: ஞாயித்துக்கெழம காலைல 6 மணிக்கெல்லாம் எல்லாரும் கோயில்ல இருக்கணும். பூசாரிகிட்ட பேசியாச்சு

செல்வி பெரியம்மா: வியாழக்கெழம துணி எடுக்கணும். லட்சுமி, நித்யா, பிரியா 2 மணிக்கு கிருஷ்ணகிரி ரவுண்டானாகிட்ட வந்துருங்க

நித்யா: சரிங்க பெரியம்மா

பிரியா: பெரியம்மா எனக்கு வியாழன் முடியாது. 3 மணிக்கு ஜெர்மனில நம்ம கம்பெனி மாங்கூழ் வாங்கற ஹாம்பர்க் பார்ட்டியோட கால். எக்ஸ்போர்ட் மேனேஜர் லீவு, என்னய பேச சொல்லிட்டாங்க

செல்வி பெரியம்மா: நீயும் லீவு போடு

லட்சுமி அம்மா: அக்கா அவ வேலைய விடுங்க, நாம போலாம்

பிரியா: விஜயா அத்தை, சரவணண்ணா, கால்ல இங்கிலீஷ்ல எப்பிடி பேசறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. ஒரு பேட்ச் பெங்களூரா மாம்பழ பல்ப் (கூழு) 13.6 பிரிக்ஸ் வந்திருக்கு, அதான் இனிப்பு அளவு. ஸ்பெக்ல, அவங்க கேட்ட தரத்துல, குறைஞ்சது 14. மொத்தம் 80 டிரம், அதுல இந்த 12 டிரம் தான் கம்மி. மிச்ச 68ம் 14.5க்கு மேல. தமிழ்ல கேட்டா தூக்கத்துல கூட சொல்வேன். இங்கிலீஷ்னா வாய் கட்டிக்குது

குமார் சித்தப்பா: ஜெர்மனிகாரன்கிட்ட பல்பு வாங்கப் போறியா பாப்பா 😂😂

கோகுல்: 😂

குமார் சித்தப்பா: 13.6ன்னா காய் முத்தாம பறிச்சிருக்கான். எவன் தோப்பு காயி?

பிரியா: அத மட்டும் கேக்காதீங்க சித்தப்பா

குமார் சித்தப்பா: 🙄

விஜயா அத்தை: குமாரு, நீ விளையாட்டுக்கு சொன்னாலும் பாடம் அதுல தான் இருக்கு. பிரியா, நீ அன்னிக்கு 50 தடவ சொல்லப் போற வார்த்தையே பல்ப் தான். தமிழ்ல எழுதினா மாங்கூழும் பல்ப், விளக்கும் பல்ப். அவங்க காதுக்கு ரெண்டும் வேற வேற. கூழுக்கு, உதட்ட மூடி காத்த அடக்கி, வெடிச்சு விடணும். ஒரு டிஷ்யூ பேப்பர வாய்க்கு முன்னாடி நாலு விரக்கட தூரத்துல தொங்க விட்டுச் சொல்லு. பேப்பர் ஆடினா கூழு. ஆடலன்னா விளக்கு. நம்ம 'ப'வுல அந்தக் காத்து கிடையாது, இங்கிலீஷ் காதும் ஜெர்மன் காதும் அந்தக் காத்தத்தான் தேடும். பேட்ச், பேலட், பிரைஸ், போர்ட் இதெல்லாமும் வச்சுப் பாரு. எதுல ஆடணும், எதுல ஆடக் கூடாதுன்னு நீயே பிரிச்சு எழுது.

கோகுல்: நான் ஆபீஸ்ல டிஷ்யூ வச்சு ட்ரை பண்ணேன். பக்கத்து சீட்ல பாக்கறாங்க

குமார் சித்தப்பா: எனக்கு வெத்தல தான் கெடச்சுது. ஆடல

சரவணன்: பிரியா, உச்சரிப்பு அப்புறம். மொதல்ல நம்பர். கால் கெட்டுப் போறது பாதிக்கு மேல நம்பர்லதான்

சரவணன்: 13.6அ தர்ட்டீன் பாயின்ட் சிக்ஸ்னு சொல்றப்ப 'டீன்' மேல அழுத்து, நீட்டு. தர்ட்டின்னு மழுங்கிச்சுன்னா 30.6ன்னு கேக்கும். பெங்களூரா கான்சன்ட்ரேட், அதான் சுண்டக் காய்ச்சின கூழு, 28 பிரிக்ஸ்ல போகுது, அதனால 30.6ன்னாலும் அவங்களுக்கு வித்தியாசமா தோணாது. கான்சன்ட்ரேட்டான்னு ஒரு கேள்வி கேப்பாங்க, அங்கயே நீ தடுமாறுவ. சொல்லி முடிச்சதும் "ஒன் த்ரீ பாயின்ட் சிக்ஸ்"னு இலக்கமா ஒரு தடவ சேத்துக்கோ. 12க்கு பிரச்சனை இல்ல, 15, 50 ரெண்டும் தான் எமன்

பிரியா: புள்ளிக்கு அப்புறம் ரெண்டு நம்பர் வந்தா? 14.25?

சரவணன்: ஃபோர்ட்டீன் பாயின்ட் டூ ஃபைவ். ட்வென்ட்டி ஃபைவ்னு சொல்லாத

சரவணன்: இன்னொன்னு. மெயில்ல எடை எழுதறப்ப உஷார். 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ, 17,200 கிலோ. ஜெர்மனில நம்ம கமா தான் அவங்களுக்கு புள்ளி, நம்ம புள்ளி அவங்களுக்கு கமா. 17,200ன்னு எழுதினா பதினேழு புள்ளி ரெண்டு கிலோன்னு படிக்கலாம். "17.2 மெட்ரிக் டன், 80 டிரம், டிரம்முக்கு 215 கிலோ"ன்னு மூணையும் போட்டா எவனும் தப்பா படிக்க முடியாது. அவங்க 14,5 பிரிக்ஸ்னு எழுதினா பதினாலர. லட்சம் கோடி வாயிலயே வரக் கூடாது, ஒரு லட்சம்னா ஹண்ட்ரட் தவுசண்ட்

குமார் சித்தப்பா: நம்ம காய்க்கு கம்பெனி குடுக்கற வெலைக்கு லட்சம் கோடி எங்க வரப் போவுது

லட்சுமி அம்மா: இப்ப அத ஆரம்பிக்காத குமாரு

குமார் சித்தப்பா: நான் எதுவும் ஆரம்பிக்கல அண்ணி. வெலைய ஏத்த சொல்லு பாப்பா, எந்த பாஷைல வேணா சொல்லு

செல்வி பெரியம்மா: யாராவது வாழ எல பத்தி சொல்றீங்களா. 150 போதுமா 200ஆ

நித்யா: 150 போதும் பெரியம்மா

செல்வி பெரியம்மா: உன் கல்யாணத்துல இப்பிடித்தான் போதும் போதும்னு கடைசி பந்திக்கு எல இல்லாம போச்சு

(நித்யா அனுப்பிய மெசேஜ் நீக்கப்பட்டது)

விஜயா அத்தை: பிரியா, கெட்ட சேதி சொல்ற முறை. நம்மாளுங்க "ஆக்சுவலி சார், வாட் ஹேப்பன்ட் இஸ், லாஸ்ட் வீக் ஹெவி ரெயின்..."னு மழைல இருந்து தொடங்குவாங்க. கேக்கறவனுக்கு என்ன ஆச்சோன்னு பயம் ஏறிக்கிட்டே போகும். விஷயத்த மொதல்ல போடு, காரணத்த பின்னால போடு. இப்பிடி: "ஒன் பேட்ச் இஸ் பிலோ ஸ்பெக். இட் ரீட்ஸ் தர்ட்டீன் பாயின்ட் சிக்ஸ், தி மினிமம் இஸ் ஃபோர்ட்டீன். வீ ஹேவ் கெப்ட் தோஸ் ட்வெல்வ் டிரம்ஸ் அசைட். வீ வில் செண்ட் தி ரீடெஸ்ட் ரிப்போர்ட் பை ஃப்ரைடே நூன், யுவர் டைம்." நாலே வாக்கியம். ஒவ்வொன்னும் 10, 12 வார்த்தைக்குள்ள. அப்புறம் வாய மூடிக்கோ. ரெண்டு மூணு செகண்ட் அந்தப் பக்கம் சத்தம் வராது, அந்த எடத்துல பயந்துக்கிட்டு தேவையில்லாதத உளறித் தொலைக்கறது தான் வழக்கம்.

பிரியா: காரணம் கேட்டா?

விஜயா அத்தை: "சம் ஆஃப் தி ஃப்ரூட் வாஸ் நாட் ஃபுல்லி ரைப்." அவ்ளோதான். யார் தோப்புன்னு ஹாம்பர்க்ல கேக்க மாட்டாங்க.

கோகுல்: சித்தப்பா 👀

குமார் சித்தப்பா: டேய்

சரவணன்: "ஐ ஹேவ் எ டவுட்"னு சொல்லிடாத பிரியா. நமக்கு சந்தேகம்னா விளக்கம் கேக்கறது. அவங்களுக்கு, உன் ரிப்போர்ட்ட நான் நம்பலன்னு அர்த்தம். "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு கேளு. "ரிவர்ட்"னா அவங்களுக்கு பழைய நிலைக்குத் திரும்பறது, "ரிப்ளை"னு சொல்லு. "டூ தி நீட்ஃபுல்" எழுதினா என்னத்த செய்யணும்னு அவங்களுக்கு புரியாது, எதச் செய்யணுமோ அதையே எழுது

பிரியா: சார், மேடம் போடலாமா

சரவணன்: வேணாம். அவங்க மெயில்ல எந்தப் பேர போட்டு கையெழுத்து போடறாங்களோ அதையே சொல்லு

லட்சுமி அம்மா: பெரியவங்கள பேர் சொல்லியா கூப்பிடுவா

விஜயா அத்தை: லட்சுமி, அங்க மரியாதை பேர்ல இல்ல. நாம 'ங்க' போட்டு மரியாதைய வினைச்சொல்லோட வாலுல கட்டிடறோம். சொல்லுங்க, அனுப்புங்க. இங்கிலீஷுக்கு அந்த வால் கிடையாது. அதான் நம்ம புள்ளைங்க "செண்ட் தி ரிப்போர்ட்"னு சொல்றப்ப, மனசுல 'ங்க' இருந்தாலும் கேக்கறவனுக்கு அதட்டற மாதிரி இருக்கும். அந்த 'ங்க'வோட வேலைய 'குட் யூ' செய்யும். "குட் யூ செண்ட் அஸ் யுவர் லேப் ரீடிங்?" எல்லாத்துக்கும் 'கைண்ட்லி' ஒட்ட வேணாம்.

குமார் சித்தப்பா: வெள்ளக்கார அதிகாரி மன்றோ துரை இங்க பாராமகால்ல, அதான் நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம், 1792லேர்ந்து 7 வருசம் குந்தி இருந்தாரு. நம்ம சனங்ககிட்ட குட் யூ குட் யூன்னா கேட்டாரு, ஊர் பாஷைய கத்துக்கிட்டாருல்ல

கோகுல்: தொரப்பள்ளி ராஜாஜி கவர்னர் ஜெனரலே ஆனாரு சித்தப்பா, அவரு இங்கிலீஷுக்கு என்ன சொல்றீங்க

குமார் சித்தப்பா: அவரு பொறந்தது ஓசூர் பக்கம். ஓசூர்ல பொறந்தவனுக்கு பாஷையே பயம் இல்ல. சந்தைக்குப் போய் பாரு, தெலுங்குல வெல கேக்கறான், கன்னடத்துல கொறைக்கறான், தமிழ்ல திட்டறான். இலக்கணம் பாத்தா பேசறான்?

விஜயா அத்தை: குமாரு 30 வருசத்துல உருப்படியா சொன்னது இதான். பிரியா, உனக்கும் தெலுங்கு அப்பிடித்தான வந்துச்சு? தப்பா பேசினா வெக்கம் இல்ல, ஏன்னா யாரும் மார்க் போடல. அந்த ஹாம்பர்க்காரருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்ல. ரெண்டு பேரும் அடுத்த வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசறீங்க.

சரவணன்: அதனாலயே ஒரு சிக்கல் இருக்கு அத்தை. ஜெர்மன் நெனப்புல அவங்க பேசற இங்கிலீஷ். "ஈவென்ச்சுவலி வீ டேக் தி ட்வெல்வ் டிரம்ஸ்"னு சொன்னா, கடைசில எடுத்துக்குவோம்னு நீ குறிச்சுக்காத. அவங்க பாஷைல அந்த மாதிரி வார்த்தைக்கு 'ஒருவேளை'ன்னு அர்த்தம். "அன்டில் ஃப்ரைடே"ன்னா வெள்ளிக்குள்ளன்னு சொல்றாங்க. "ஹாஃப் ட்வெல்வ்"னு நேரம் சொன்னா பிரிட்டிஷ்காரனுக்கு பன்னண்டர, ஜெர்மன்காரனுக்கு பதினொன்னர. எல்லாத்துக்கும் ஒரே மருந்து: "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், லெவன் தர்ட்டி யுவர் டைம்?" இப்ப கோடைல நமக்கும் அவங்களுக்கும் மூன்றர மணி நேரம். உன் 3 மணி அவங்களுக்கு 11.30. குளிர்காலத்துல நாலர ஆயிடும்

பிரியா: 11.30னு தான் இன்வைட்ல இருக்கு 👍

பிரியா: அண்ணா அவங்க சொல்றது புரியலன்னா?

சரவணன்: "சாரி?"ன்னு மட்டும் கேட்டா அதே வேகத்துல அதையே சொல்வாங்க. எது புரியலயோ அத கேளு. "ஐ காட் தி டிரம்ஸ், குட் யூ ரிப்பீட் தி டேட்?" பதில் தெரியலன்னா "லெட் மீ செக். ஐ வில் ரைட் டு யூ பை ஃபோர், யுவர் டைம்." நேரம் சேத்துச் சொன்னாதான் அது பதில்

விஜயா அத்தை: கடைசியா ஒன்னு, இது முக்கியம். "ஹேவன்ட் யூ டிஸ்பாட்ச்ட்?"னு கேட்டா, அனுப்பலன்னா தமிழ்ல என்ன சொல்வ?

பிரியா: ஆமா, அனுப்பல

விஜயா அத்தை: அத அப்பிடியே "யெஸ்"னு சொன்னா, அனுப்பியாச்சுன்னு எழுதிக்குவாங்க. அவங்க கணக்குல "நோ, வீ ஹேவன்ட்." பதட்டத்துல இது மாறித்தான் வரும். அதனால யெஸ்ஸும் வேணாம் நோவும் வேணாம், முழுசா சொல்லு: "வீ ஹேவ் நாட் டிஸ்பாட்ச்ட் இட் யெட்."

செல்வி பெரியம்மா: பாடம் முடிஞ்சுதா. கவின் யார் மடில உக்காரப் போறான்

கோகுல்: என் மடில தான் பெரியம்மா, நான் தான தாய்மாமன்

செல்வி பெரியம்மா: சரவணன் தான் மூத்தவன். பெரியவன் இருக்கறப்ப

சரவணன்: அம்மா விடுங்க

செல்வி பெரியம்மா: நான் பொதுவா சொன்னன்

குமார் சித்தப்பா: ஒரு காது ஒரு மடி

நித்யா: 🙏🙏

புதன்

பிரியா: அத்தை 8 கேள்வி எழுதிட்டேன், ஒவ்வொன்னுக்கும் ரெண்டு வரி பதில். மனப்பாடம் பண்ணட்டுமா?

விஜயா அத்தை: வேணாம். ஒரு வார்த்தை நழுவினா மொத்தமும் சரிஞ்சிடும். ஒரு சீட்டுல நம்பரும் தேதியும் பேட்ச் நம்பரும் மட்டும் பெருசா எழுதி வச்சுக்கோ. மொத மூணு வாக்கியம் மட்டும் பத்து தடவ வாய்விட்டுச் சொல்லு, அது தடங்காம வந்துட்டா மிச்சம் தானா வரும். மத்தத ஃபோன்ல பதிவு பண்ணி நம்பர் தெளிவா இருக்கான்னு மட்டும் கேளு. உன் குரல் உனக்குப் பிடிக்காது, யாருக்கும் பிடிக்காது, அத விடு.

சரவணன்: நைட் 9க்கு நான் கூப்பிடறன், 15 நிமிஷம். வீடியோ வேணாம், கை ஆட்டி சமாளிச்சிடுவ. நான் வேகமா, எரிச்சலா பேசுவன், கோச்சுக்காத. அவங்க "திஸ் இஸ் நாட் குட்"னு நேராவே சொல்வாங்க, அது கோவம் இல்ல

சரவணன்: நாளைக்கு ஒயர் வச்ச ஹெட்செட் போடு. மெஷின் லைன் பக்கம் உக்காராத, கூழு எடுக்கற பல்ப்பர் சத்தத்துல நீ 13 சொன்னாலும் 30 சொன்னாலும் ஒன்னு தான். பேட்ச் நம்பர்ல எழுத்து இருந்தா "பி ஃபார் பிராவோ, எம் ஃபார் மைக்"னு சொல்லு. கால் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள மெயில்: என்ன முடிவாச்சு, யார் செய்யணும், எப்போ. மூணு வரி. வாயில தப்பா போனது அதுல சரியாயிடும்

பிரியா: சரிண்ணா

பிரியா: 🎤 0:38

குமார் சித்தப்பா: விளக்கு தான் கேக்குது

விஜயா அத்தை: மொத ரெண்டு பல்ப் கூழு, மூணாவது விளக்கு. வாக்கியக் கடைசில களைப்புல விட்டுடற. தர்ட்டீன் நல்லா வந்திருக்கு.

செல்வி பெரியம்மா: பிரியா அப்ப நாளைக்கு துணிக்கடைக்கு வரலயா

பிரியா: ஆமா பெரியம்மா

குமார் சித்தப்பா: ஆமான்னா வரியா வரலயா 😂

பிரியா: ஐ ஹேவ் நாட் டிசைடட் யெட் சித்தப்பா

லட்சுமி அம்மா: அக்கா 5 மணிக்கு மேல போனா அவளும் வருவா

செல்வி பெரியம்மா: 5 மணிக்கு மேல கூட்டம். பாக்கலாம்

செல்வி பெரியம்மா: எல 200 சொல்லிட்டன்