சிலந்தியின் கொடைக்கு என்ன பெயர்? (வெள்ளிக்கிழமைக்குள் தேவை; மலையக ஆசிரியர்களின் உரையாடல், பேசுபவருக்கு ஊர்ப்பெயர்)

ஹட்டன்:
தரம் 13 விலங்கு நடத்தைச் செயலட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐரோப்பாவின் பிசவுரா மிராபிலிஸ் சிலந்தியில் ஆண் ஓர் ஈயைப் பிடித்து, நூலால் சுற்றி, தாடையில் கவ்விப் பெண்ணிடம் நீட்டும். பெண் அதைத் தின்னும் நேரத்தில் ஆண் பெடிப்பல்பால் (வாயருகே உள்ள, கால்போன்ற சிறு உறுப்பு) விந்தைச் செலுத்தும். அந்தப் பொட்டலத்துக்குச் 'சீதனம்' என்று போட்டிருக்கிறேன்.

பண்டாரவளை:
சேர், திசை தலைகீழ். சீதனம் பெண் வீட்டிலிருந்து வருவது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பரிசம் போடுவது தெரியும். 'பரிசம்' போதும்.

கண்டி:
பரிசம் பெண்ணைப் பெற்றவர்களுக்குப் போவது. சிலந்திக்கு ஏது மாமனார்? அகத்திணையில் 'கையுறை' இருக்கிறதே, தலைவன் தலைவிக்குத் தரும் காதற்பரிசு! குறுந்தொகை முதற்பாட்டே தோழி கையுறை மறுப்பதுதான். காந்தள் எங்கள் மலையிலேயே குலைகுலையாகக் கிடக்கிறது என்கிறாள். மறுக்கும் உரிமையும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. உறு, உற்றார், உறவு என்று வேரைப் பிடித்துப் போனால்...

நுவரெலியா:
வேர் இருக்கட்டும் ஐயா. ஆய்வுகூடத்தில் கையுறை என்றால் இறப்பர் கையுறை. 'ஆண் சிலந்தி கையுறையை நூலால் சுற்றியது' என்று வாசித்தால் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. 'உணவுக்கொடை'யும் சரிவராது: பொட்டலத்துக்குள் சிலவேளை விதைத்துண்டோ, உறிஞ்சித் தீர்ந்த பூச்சிக்கூடோ இருக்கும், நூல் அதை மறைக்கும். பெண் அறிந்ததும் கூடலை முன்கூட்டியே முறிக்கும், விந்தும் குறைவாகவே போய்ச்சேரும். 'கூடற்கொடை' என்றால் உள்ளே எது இருந்தாலும் பொருந்தும்.

ஹட்டன்:
நல்லது. அடுத்த கேள்வி: பெண்ணின் 'உடல்நிலை'க்கு ஏற்ப ஆண் கொடையைச் 'சரிசெய்யுமா'?

பண்டாரவளை:
உடல்நிலை என்றால் காய்ச்சல் நினைவுக்கு வரும். 'உடற்செழுமை' போடுங்கள். அளக்கும்போது எடையைத் தலைநெஞ்சின் (தலையும் நெஞ்சும் ஒன்றான, ஓடு மூடிய முன்பகுதி) அகலத்தோடு ஒப்பிட வேண்டும். கடைசித் தோலுரிப்புக்குப் பின் அந்த ஓடு விரியாது, தின்றது வயிற்றில்தான் தெரியும். எடையை மட்டும் கேட்டால் பெரிய உருவமும் கொழுத்த வயிறும் குழம்பும்.

நுவரெலியா:
'சரிசெய்தல்' பிழை திருத்துவதுபோல ஒலிக்கிறது, 'கூட்டிக் குறைத்தல்' தெளிவு. எதைக் கூட்டுவது? இரையின் பருமனையா, நூலின் அளவையா, கொடுப்பதா வேண்டாமா என்பதையா? மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தென்னமெரிக்காவின் பராட்ரெகாலியா ஓர்னாட்டா என்ற சிலந்தியில் பெண்ணின் நூலிலுள்ள வேதிச்சைகையே ஆணைப் பொட்டலம் கட்டத் தூண்டும். பெண் நேரில் நிற்க வேண்டியதில்லை.

கண்டி:
கூடற்கொடைக்கு நான் உடன்படவில்லை. கையுறையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

ஹட்டன்:
அடைப்புக்குறிக்கு இடமில்லை ஐயா. கூடற்கொடை, உடற்செழுமை இரண்டும் போகின்றன. பெடிப்பல்ப்?

கண்டி:
உணர்கொம்பு.

பண்டாரவளை:
அது பூச்சிக்கு ஐயா. சிலந்திக்கு உணர்கொம்பே கிடையாது.