குழந்தை படம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, காசு எப்படிக் கொடுப்பது?

புதுக்குடித்தனம்: வணக்கம், அவசரமாகக் கேட்கிறேன். இன்று மதியம் மணி அடித்தது. திறந்தால் எங்கள் கட்டடத்துக் குழந்தை ஒன்று, செருப்புப் பெட்டி மூடியில் தான் வரைந்த படங்களை அடுக்கிக்கொண்டு நிற்கிறது. இந்த நாட்டு மொழியில் வேகமாகப் பேசியதில் பாதி புரியவில்லை. என்னிடம் சில்லறை இல்லை, கார்டுதான். கையை விரித்தேன். உடனே ஒரு படத்தை என் கையில் திணித்து, அப்புறம் கொடுங்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டது. பிள்ளையை ஏமாற்றி வாங்கிவிட்டேன் என்று யாராவது புகார் செய்தால்? வெளிநாட்டுக்கு வந்து வீடு கிடைத்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. தூக்கம் வரவில்லை.

மூத்தவள்: தங்கச்சி, இதற்கெல்லாமா பயப்படுவது? நான் வந்த புதிதில் எங்கள் மாடியில் ஒருவர்கூட முகம் பார்த்துச் சிரித்ததில்லை. குளிர்காலம் முழுக்க நாலு சுவருக்குள்தான் கிடந்தேன். உன் வாசலுக்கு ஒரு குழந்தை தானாக வந்திருக்கிறது. அடுத்த முறை உள்ளே கூப்பிட்டு உட்காரவை. அம்மாவும் பழகிவிடுவாள், மொழியும் வந்துவிடும். எனக்கு மொழி வந்ததே பிள்ளைகளிடம் பேசித்தான்.

இரவுப்பணி: உள்ளே கூப்பிடவே கூடாது. அக்கா சொல்வதைக் கேட்காதீர்கள். ஊரான் பிள்ளை விஷயத்தில் தள்ளி நிற்பதுதான் நல்லது, அதுவும் விசாவில் இருக்கிறவர்கள். நான் முதல் வருஷம் வேலை, வீடு, வேலை என்றே இருந்தேன், ஒரு வம்பும் இல்லை. படத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வடக்குவாசல்: பெற்றோரைத்தான் கேட்க வேண்டும். படிக்கிற வயதில் விற்க அனுப்புவதா? இது குழந்தைத் தொழிலாளர் கதை இல்லையா?

நிதானி: இல்லைங்க. 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 32ஆவது பிரிவு தடுப்பது பிள்ளையைச் சுரண்டுவதை, படிப்பையும் உடம்பையும் கெடுக்கிற வேலையை. அதற்கு முந்தைய 31ஆவது பிரிவு விளையாட்டையும் கலையையும் பிள்ளையின் உரிமை என்கிறது. ஆசைக்கு வரைந்து நாலு வாசலில் காட்டுவது இந்தப் பக்கம்தான். இத்தனை விற்றுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்று அனுப்பினால் அது வேறு.

வடக்குவாசல்: உரிமை எல்லாம் சரி. நம் பிள்ளை வீட்டுக்குள் ஓடினால் சத்தம் என்று கடிதம் வருகிறது. அவர்கள் பிள்ளை மணி அடித்தால் நாம் சிரிக்க வேண்டும்.

மூத்தவள்: எங்களுக்கும் வந்தது. பால்கனியில் துணி காயப்போட்டதற்கும் ஒரு கடிதம்.

இரவுப்பணி: கார் நிறுத்துவதைப் பற்றி நான் ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

நிதானி: கேட்டவரை மறந்துவிட்டோம். எந்த நாடு? பிள்ளைக்கு என்ன வயது, பெரியவர் யாராவது கூட இருந்தார்களா? நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? படத்தின் பின்பக்கம் பார்த்தீர்களா?

புதுக்குடித்தனம்: ஏழெட்டு வயது இருக்கும். கீழ்ப்படியில் ஒரு பெண்மணி நின்றார், அம்மாவாக இருக்கலாம். அக்கா, நான் தங்கச்சி இல்லை, தனியாக இருக்கிற ஆண். பயமே அதனால்தான். பின்பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன். பென்சிலில் பெயர், கதவு எண், விலை. முன்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கறுப்பு நாய். தாளில் இடம் போதாமல் வாலை மேலே மடித்து, காதுவரை கொண்டுபோயிருக்கிறது.

நிதானி: நாட்டை இன்னும் சொல்லவில்லை, இருந்தாலும் இது எங்கேயும் பொருந்தும். நாளை இருட்டுவதற்கு முன் போங்கள். மணியடித்துவிட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள். பிள்ளையே திறந்தால், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். படத்தைக் காட்டி, பெரியவர் முன்னால் காசைக் கொடுங்கள். உள்ளே கூப்பிட்டாலும் முதல் நாள் வேண்டாம். ஆள் இல்லையென்றால் கதவிடுக்கில் பணம் செருகாதீர்கள், இன்னொரு நாள் போங்கள். படத்தைப் போட்டோ எடுத்து எந்தக் குழுவிலும் போட வேண்டாம், பெயரும் கதவு எண்ணும் இருக்கிறது.

மூத்தவள்: சரி தம்பி, உள்ளே கூப்பிடச் சொன்னதை விடு. காசு மட்டும் கொஞ்சம் சேர்த்துக் கொடு, பிள்ளை சந்தோஷப்படும்.

நிதானி: வேண்டாம் அக்கா. தான் வைத்த விலைக்கே விற்றது என்பதுதான் அதற்குப் பெருமை. கூடக் கொடுத்தால் பெற்றோருக்குச் சங்கடம். அதற்குப் பதில் வால் ஏன் காதுவரை போகிறது என்று கேட்கட்டும், பிள்ளை வாய் ஓயாமல் சொல்லும். அப்புறம், ஸ்கெட்ச் பேனா மை வெயிலில் வெளுத்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டாதீர்கள்.

புதுக்குடித்தனம்: போகிறேன். ஏடிஎம்மில் பெரிய நோட்டுதான் வருகிறது, பரவாயில்லையா?

இரவுப்பணி: அப்படியே கொண்டுபோகாதீர்கள், மீதி கொடுக்கப் பிள்ளையிடம் சில்லறை இருக்காது. வழியில் ஏதாவது வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். மிச்சச் சில்லறையை வாசல் பக்கமே ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள், அந்தப் பிள்ளை மறுபடியும் வரும்.