ஜூன் 16: சுங்கை சிப்புட்டில் நடந்தது போரா, கொலையா?

சிப்புட் அப்பா:
மகன் ஐந்தாம் படிவம். பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமாரைச் சுட்டுக் கொன்ற 1948 ஜூன் 16 பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "மலாயாவின் உள்நாட்டுப் போர் எங்கள் ஊரில்தான் தொடங்கியது" என்று ஆரம்பித்திருக்கிறான். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து, பிரிட்டிஷ் அரசாங்கம் வைத்த பெயரான "அவசரகாலம்" என்று திருத்திவிட்டார். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். யார் சொல்வது சரி? தோட்டத்து ஆட்கள் சொல்லுங்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை:
ஆசிரியர்தான் சரி. போர் என்றால் இரண்டு பக்கமும் துப்பாக்கி இருக்க வேண்டும். அன்று காலை எல்பில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார மேனேஜர் வாக்கர் துரையைக் கம்யூனிஸ்டுகள் உள்ளே நுழைந்து சுட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் அலிசன் துரையையும் அவருடைய உதவி மேனேஜரான சின்னத் துரை கிறிஸ்டியனையும் பிடித்துக் கட்டிச் சுட்டார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21. உங்கள் மகனை விட நாலு வயது கூட இருப்பானா? இதற்குப் பெயர் கொலை.

பால்வாளி:
கொலைதான் அண்ணே, யார் இல்லை என்றது? ஆனால் மூன்று கொலையைப் பிடிக்க 12 வருஷம் பட்டாளம் நிற்குமா? காட்டின் மேல் விமானம் குண்டு போடுமா? "அவசரகாலம்" என்ற பெயர் துரைமார் வசதிக்கு வந்தது. போர் என்று சொல்லிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் நஷ்டஈடு தரமாட்டான். எரிந்த ஸ்டோருக்கும் வெட்டிப்போட்ட ரப்பர் மரத்துக்கும் பணம் வேண்டுமே!

இன்னொன்று. கதையை 16ஆம் தேதியில் தொடங்குவதே தப்பு. அதற்கு முன்பே தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். சங்கப் பொறுப்புக்கு வர அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும், வெவ்வேறு தொழிலாளர் சங்கங்கள் ஒரே சம்மேளனமாகச் சேரக்கூடாது. தமிழனும் சீனனும் ஒரே கொடியின் கீழ் வேலைநிறுத்தம் செய்த காலம் அது. அந்தக் கொடியைத்தான் முதலில் இறக்கினார்கள்.

கிராணி வீட்டுப் பிள்ளை:
சட்டம் போட்டால் சுட்டுவிடலாமா? நல்ல நியாயம். மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் தன் நினைவுக் குறிப்பில் என்ன எழுதினார் தெரியுமா? சிப்புட் கொலைகள் தலைமை போட்ட உத்தரவில்லை என்று. தலைவனுக்கே தெரியாமல் நடந்ததைப் போரின் முதல் நாள் என்கிறீர்கள்.

பால்வாளி:
அரசாங்கம் அப்படித்தானே எடுத்துக்கொண்டது? 18ஆம் தேதிக்குள் நாடு முழுக்க அவசரகாலம். ஜூலை 23இல் கட்சிக்குத் தடை. கட்சித் தலைவர்களே தயாராகாமல் ஓடினார்கள் என்பது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஈப்போ ரோடு:
எனக்கு "உள்நாட்டு" என்ற சொல்தான் இடிக்கிறது. நாடு வெள்ளைக்காரன் கையில் இருந்தது. அவனோடு சண்டை போட்டால் விடுதலைப் போர். உள்நாட்டுப் போர் எங்கே வந்தது?

லயத்துப் பேத்தி:
செத்தவர்கள் யார் என்று பாருங்கள் ஐயா. காட்டுக்காரர்கள், அதாவது கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள், 6,700க்கு மேல், பெரும்பாலும் சீனர்கள். போலீசும் ராணுவமும் சேர்ந்து 1,800க்கு மேல். அதில் வெளியிலிருந்து வந்த பட்டாளத்தார் சுமார் 500 பேர்தான். மிச்சம் இந்த மண்ணுக்காரர்கள், அதிலும் மலாய்க்காரப் போலீஸ்காரர்கள் அதிகம். சாதாரண மக்கள் 2,400க்கு மேல். சுட்டவனும் விழுந்தவனும் ஒரே சந்தையில் மீன் வாங்கினவர்கள். தம்பி எழுதினதில் பெரிய தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். மூன்று துரைமார் பெயரும் வயதும் நமக்கு மனப்பாடம். அதே வருஷம் டிசம்பர் 12இல் சிலாங்கூரில் உள்ள பத்தாங் காலியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்ட 24 தோட்டத் தொழிலாளிகளில் ஒருத்தர் பெயர் யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது.

கிராணி வீட்டுப் பிள்ளை:
அது அநியாயம்தான். ஆனால் நம் தமிழ் ஆட்கள் இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கித்தானே இருந்தார்கள்?

பால்வாளி:
எஸ். ஏ. கணபதியை மறந்துவிட்டீர்களே. மலாயா முழுக்க இருந்த தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள்.

லயத்துப் பேத்தி:
ஒதுங்க யார் விட்டார்கள்? எங்கள் அப்பாயி பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தூரத்தில் இருந்த லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி பண்ணி ஆபீஸ் பக்கம் கொண்டுவந்து சுற்றிக் கம்பிவேலி போட்டார்களாம். காலையில் வேலிக் கதவில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே சோறு இருந்தால் காட்டுக்காரனுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். வெறும் கோப்பியோடு மதியம் வரைக்கும் மரம் வெட்டினேன் என்பார். மரத்தடியில் காட்டுக்காரன் வந்து அரிசி கேட்பான், சாயங்காலம் போலீஸ் வந்து யாருக்கு அரிசி கொடுத்தாய் என்று கேட்கும். அவர் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக்கூட நிறையப் பேசுவார். இதைக் கேட்டால் மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அதெல்லாம் எதுக்குடி இப்ப" என்று முடித்துவிடுவார். போர், அவசரகாலம் இரண்டு சொல்லும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

ஈப்போ ரோடு:
எங்கள் பாட்டியும் இதே சோற்றுக் கதை சொல்வார். கோப்பியில் சீனி போட்டிருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்களாம். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வேலி போட்டது யார்? வெள்ளைக்காரன். பிறகு எப்படி உள்நாட்டுப் போர்?

லயத்துப் பேத்தி:
வேலிக் கதவில் நின்று சட்டியைத் திறக்கச் சொன்னவன் வெள்ளைக்காரன் இல்லை ஐயா. பக்கத்து மலாய்க் கிராமத்துப் பையன், போலீசுக்கு உதவியாகச் சேர்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

கிராணி வீட்டுப் பிள்ளை:
பேத்தி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பரீட்சையில் "அவசரகாலம்" என்று எழுதினால்தான் மார்க். பையனுக்கு அதைச் சொல்லுங்கள்.

சிப்புட் அப்பா:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை ஆசிரியரைப் பார்க்கிறேன். இதையெல்லாம் படித்துக் காட்டினேன். முதல் வரியில் "அவசரகாலம்" என்றே வைத்துக்கொள்கிறானாம், ஆனால் தூக்குச்சட்டியைச் சேர்க்க வேண்டுமாம். மொத்தம் 200 சொல்தான் அனுமதி. இன்சூரன்சை விடுவதா, கணபதியை விடுவதா என்று இப்போது என்னோடு சண்டை.