அவசரம்: நாளைக்கு வீடியோ இன்டர்வியூ, கனெக்ட் ஆகவே மாட்டேங்குது

மண்டபம் பொண்ணு:
காலைல 10 மணிக்கு இன்டர்வியூ. லிங்க்கை அமுக்குனா 'கனெக்டிங்'னு சுத்திக்கிட்டே இருந்துட்டு வெளிய தள்ளிருது. ஃபயர்வால்னு நெட்டைக் காவல் காக்குற புரோகிராமாம், அதைப் பாருங்கன்னு ஏதோ வருது. நெட் நல்லாத்தான் இருக்கு, யூடியூப் ஓடுது. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கீழக்கரை காக்கா:
ஜூமா, கூகுள் மீட்டா? போனா, லேப்டாப்பா? வீட்டு வைஃபையா? ஒண்ணுமே சொல்லலியேமா.

உப்புக்காத்து:
நம்ம கரையில எல்லாத்துக்கும் உப்புதான் காரணம். மோடம் அடாப்டர் பின்னைக் கழட்டிப் பாருங்க, பச்சை பூத்திருக்கும். எங்க வீட்ல துடைச்சதும் சரியாச்சு.

நெட்வொர்க் வாத்தியார்:
பின் பூத்தா யூடியூப் மட்டும் எப்படி ஓடும்? யூடியூப் போறது 443 போர்ட்ல, அதாவது டேட்டா போற வாசல் நம்பர். யுடிபி, டிசிபி ரெண்டும் டேட்டா அனுப்புற முறை. மீட் வீடியோ முதல்ல யுடிபி 3478-ஐத் தேடும், அது அடைபட்டா டிசிபி 443-க்கு மாறும். ஜூம்னா யுடிபி 8801லேருந்து 8810. இதெல்லாம் எத்தனை தடவை எழுதுறது? தேடிப் படிக்கிற பழக்கமே இல்ல.

மண்டபம் பொண்ணு:
மீட். லேப்டாப். அண்ணனோடது.

பாம்பன் தாண்டி:
இலங்கை டவரைப் பிடிச்சிருக்கும். தனுஷ்கோடி போனப்ப எனக்கு ரோமிங் மெசேஜே வந்துச்சு.

கீழக்கரை காக்கா:
தனுஷ்கோடி எங்க, மண்டபம் எங்க! நடுவுல பாலமே 2 கிலோமீட்டருக்கு மேல.

பாம்பன் தாண்டி:
சிக்னல் என்ன பாலத்து மேலயா நடந்து வருது? கடல்ல மறிக்க ஒண்ணும் இல்ல, ரொம்ப தூரம் போகும்.

நெட்வொர்க் வாத்தியார்:
அவங்க வைஃபையா, போன் நெட்டான்னே இன்னும் சொல்லல. அதுக்குள்ள டவராம்.

கீழக்கரை காக்கா:
தங்கச்சி, இவங்க பேசட்டும். போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, அதே லேப்டாப்ல மீட்டைத் திறங்க. வந்தா வீட்டு ரூட்டர்ல கோளாறு. வரலைன்னா லேப்டாப்புக்குள்ளதான். விண்டோஸ் ஃபயர்வால் வெளிய போறதைத் தானா மறிக்காது, அதை அணைச்சு வைக்காதீங்க. தனியாப் போட்ட ஆன்டிவைரஸ், விபிஎன் (நெட்டை வேற சர்வர் வழியாச் சுத்தி அனுப்புறது) ரெண்டையும் பாருங்க. ஒண்ணும் நடக்கலைன்னா போன்லயே மீட் ஆப் போட்டு இன்னைக்கே ஒரு தடவை பேசிப் பாத்துருங்க.

மண்டபம் பொண்ணு:
ஹாட்ஸ்பாட்லயும் அதேதான். அண்ணன் ஆபீஸ் விபிஎன் தானா ஆன் ஆகியிருக்கு. நிறுத்துனதும் வந்துருச்சு. நன்றி காக்கா, படிக்கணும், வர்றேன்.

கீழக்கரை காக்கா:
ஆபீஸ்காரங்க மீட்டை மறிச்சு வச்சிருப்பாங்க. காலைல லேப்டாப் போட்டதும் திரும்ப ஆன் ஆகும், பாத்துக்கங்க.

பாம்பன் தாண்டி:
விபிஎன்னா வேற ஊர் ஐபி அட்ரஸ்தானே காட்டும்? அப்ப நான் சொன்னது பாதி சரி.

நெட்வொர்க் வாத்தியார்:
இல்லை.

உப்புக்காத்து:
எதுக்கும் அந்த அடாப்டரைத் துடைச்சிருங்க.