உதவி: இரவு சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி கடலூர் வர எது சரியான வழி?

சில்வர்பீச்
அப்பாவும் அம்மாவும் வர்ற வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து சென்னை வருகிறார்கள். விமானம் இறங்குவது இரவு 10.40. இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, அப்பாவுக்கு மூட்டு வலி, கையில் நாலு பெரிய பெட்டி. வர வேண்டிய இடம் கடலூர் மஞ்சக்குப்பம். ஒரு டிராவல்ஸில் காருக்கு 6,500 கேட்கிறார்கள். டோலும் பாண்டி பர்மிட்டும் தனியாம். பஸ்ஸில் வர வழி உண்டா? ஏர்போர்ட் வாசலில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடந்து நின்றாலே பாண்டி பஸ் கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இப்பவும் அப்படித்தானா?

பழைய டவுன்
ஆமாம் சார். சப்வேயில் இறங்கி எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேஷன்கிட்ட நின்னா போதும். கோயம்பேட்டிலிருந்து வர்ற பஸ் எல்லாம் கை காட்டினா நிக்கும்.

கெடிலக்கரை
தயவுசெய்து அப்படி நிற்க வைக்காதீர்கள். கோயம்பேட்டிலிருந்து எல்லாப் பஸ்ஸும் கிளம்பிய காலத்து வழி அது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி ரோடு வழியாகத் தெற்கே போகும் அரசு பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அது ஏர்போர்ட்டுக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழி பாண்டி, கடலூர், சிதம்பரம் பஸ்கள் மட்டும் கோயம்பேட்டிலேயே இருக்கின்றன. அவை திருவான்மியூர் பக்கம் போய்விடும். ஆக, இரண்டு வழியுமே ஏர்போர்ட் வாசலைத் தொடுவதில்லை. அங்கே நின்றால் மாநகரப் பஸ்தான் வந்துகொண்டிருக்கும்.

இப்போது உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 10.40க்கு இறங்கினாலும் இமிகிரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் முடித்து வெளியே வர 12 ஆகும். மெட்ரோ 11 மணியோடு முடிந்திருக்கும். திரிசூலத்தில் லோக்கல் ரயிலும் ஓய்கிற நேரம். கடலூர் போகும் உழவன், மன்னை எக்ஸ்பிரஸ்கள் நள்ளிரவுக்கு முன்பே தாம்பரத்தைத் தாண்டிவிடும். மிச்சம் இருப்பது டாக்ஸியில் கிளாம்பாக்கம், அங்கிருந்து திண்டிவனம் வழி பாண்டி பஸ், பாண்டியில் இறங்கி மறுபடி கடலூர் பஸ். அதாவது நாலு பெட்டியை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும், அதுவும் வெள்ளி இரவில். கிளாம்பாக்கத்தில் வாரக்கடைசிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டு வலிக்காரருக்கு இது வேண்டவே வேண்டாம். கார்தான். தொகையை மட்டும் சரியாகப் பேசி முடியுங்கள்.

கோரிமேடு சிக்னல்
கார் பேசும்போது கவனிக்க வேண்டியது.

பர்மிட்: தமிழ்நாட்டு வாடகை வண்டி புதுச்சேரி எல்லைக்குள் நுழைய பர்மிட் வேண்டும் என்பது உண்மை. ஆனால் வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருந்தால் தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை. "வண்டிக்கு ஆல் இந்தியா இருக்கா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தும் பர்மிட் காசு கேட்டால் வேறு வண்டி பாருங்கள்.

டோல்: திண்டிவனம் வழி வந்தால் பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி என மூன்று. டோல், டிரைவர் பேட்டா, இரவு வாடகை, ஏர்போர்ட் பார்க்கிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வருவது கிலோமீட்டரில் அல்ல, இந்தச் சில்லறைகளில்தான். 'ஒன்வே' என்று பேசிவிட்டு இறங்கும்போது ரிட்டர்ன் கேட்பதும் நடக்கும். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வழி: திண்டிவனம், கோரிமேடு, ராஜீவ் காந்தி சிக்னல், 100 அடி ரோடு, இந்திரா காந்தி சிக்னல், மரப்பாலம், அரியாங்குப்பம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி, மஞ்சக்குப்பம். அதிகாலை 3 மணிக்கு இது வழுக்கிக்கொண்டு போகும். இதே மரப்பாலத்தில் மாலை 6 மணிக்கு மாட்டினால் கடலூர் பக்கத்து ஊர் என்பதே மறந்துவிடும்.

சில்வர்பீச்
நன்றி சார். பாண்டியைத் தொடாமல் விக்கிரவாண்டி, பண்ருட்டி வழி வந்தால் பர்மிட்டே வேண்டாம் என்கிறாரே டிரைவர்?

கோரிமேடு சிக்னல்
வரலாம், ஆனால் சுற்று. மொரட்டாண்டி டோலுக்குப் பதில் விக்கிரவாண்டி டோல் வரும். பண்ருட்டி முதல் நெல்லிக்குப்பம் தாண்டும் வரை ரோடு குறுகல். ஆலை ஓடும் மாதங்களில் பின்விளக்கு இல்லாமல் கரும்பு லோடு டிராக்டர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். இரவில் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற டிரைவரை அந்த ரோட்டில் விட நான் சொல்லமாட்டேன்.

லாஸ்பேட்டைக்காரன்
இதே இழையில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். சனிக்கிழமை காலை 9 மணிக்கு டெல்லி விமானத்தில் ஒரு நண்பர் வருகிறார். தனி ஆள், தோள்பை ஒன்றுதான். பாண்டி ஒயிட் டவுன் போக வேண்டும். அவருக்கும் கார்தானா?

கெடிலக்கரை
அவருக்குக் கார் தண்டச் செலவு. உள்நாட்டு விமானம் என்றால் அரை மணியில் வெளியே வந்துவிடலாம். ஏர்போர்ட் மெட்ரோ ஸ்டேஷனுக்கு உள்ளிருந்தே நடைபாதை இருக்கிறது. நீல வழித்தடத்தில் ஏறினால் மீனம்பாக்கம், நங்கநல்லூர் ரோடு, அடுத்தது ஆலந்தூர். அங்கே இறங்கி, சென்ட்ரல் போகும் பச்சை வழித்தட ரயிலுக்கு மாற வேண்டும். ஆலந்தூரில் நடைமேடைகள் இரண்டு அடுக்காக இருப்பதால், கூட்டத்தின் பின்னால் போகாமல் பலகையைப் பார்த்து மேலேயா கீழேயா என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம் இறங்குமிடத்தில். கோயம்பேடு பஸ் நிலையத்துக்கு 'சிஎம்பிடி' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். 'கோயம்பேடு' என்று தனியாக ஒரு ஸ்டேஷன் அதற்கு அடுத்து வருகிறது. கோயம்பேடு பஸ் ஸ்டாண்டு என்றே கேட்டுப் பழகியவர்கள் அங்கே போய் இறங்கிவிடுகிறார்கள். அரும்பாக்கம் தாண்டியதும் எழுந்து நின்றுவிட வேண்டும். பஸ் நிலையத்தில் 'ஈசிஆர்' போர்டு போட்ட பாண்டி பஸ்ஸைப் பார்த்து ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் பாண்டி பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து ஒயிட் டவுனுக்கு ஆட்டோ. வாடகையை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது, பாண்டியில் மீட்டர் ஓடாது.

பழைய டவுன்
ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் திருவான்மியூர் போய் அதே பஸ்ஸைப் பிடிக்கலாமே? மெட்ரோ மாற வேண்டிய வேலையே இல்லை.

கெடிலக்கரை
வேலை நாளில் நல்ல யோசனை அண்ணே. சனிக்கிழமை காலையில் பஸ் கோயம்பேட்டிலேயே நிரம்பிவிடும். திருவான்மியூரில் ஏறினால் மகாபலிபுரம் வரையாவது நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும்.

கோரிமேடு சிக்னல்
இன்னொன்று. பாண்டியில் எந்த இடம் போக வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் வழியைத் தேர்வு செய்ய வேண்டும். காலாப்பட்டு, பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் போகிறவர்கள் ஈசிஆர் பஸ்ஸில் வந்து வழியிலேயே இறங்கலாம். ஆரோவில் என்றால் பெரியமுதலியார்சாவடி. ஜிப்மருக்கு வருகிறவர்கள் நேர்மாறாக, கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழி பஸ்ஸில் வந்தால் கோரிமேட்டில் இறங்கிக்கொள்ளலாம். நோயாளியை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் மறுபடி ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவருவது வீண் அலைச்சல்.

கிளாம்பாக்கம் போக ஏர்போர்ட்டிலிருந்து மலிவான வழி, திரிசூலத்தில் லோக்கல் ரயில். 5 ரூபாய் டிக்கெட், நாலாவது ஸ்டேஷன் தாம்பரம், மேற்குப் பக்கம் வெளியே வந்தால் கிளாம்பாக்கம் போர்டு போட்ட மாநகரப் பஸ். கிளாம்பாக்கத்தில் மாநகரப் பஸ் நிற்கும் பகுதியும் வெளியூர் பஸ் பகுதியும் வேறு வேறு, நடுவே நல்ல நடை இருக்கிறது. பாண்டி பஸ் கிடைக்காவிட்டால் விழுப்புரம், திருச்சி பஸ்ஸில் திண்டிவனம் வரலாம். ஆனால் அவற்றில் பல ஊருக்குள் போகாமல் மேம்பாலத்திலேயே இறக்கிவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லாஸ்பேட்டைக்காரன்
கடலூர் போகிறவர்கள் கும்பகோணம் பஸ்ஸில் ஏறலாமா? கிளாம்பாக்கத்தில் அதுதான் அடிக்கடி கிளம்புகிறது.

கெடிலக்கரை
கூடாது. அது விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் என்று போய்விடும், கடலூரைத் தொடாது. சிதம்பரம், வேளாங்கண்ணி பஸ்ஸில் "பாண்டி, கடலூர் வழியா?" என்று கேட்டு ஏறலாம். ஆன்லைனில் டிக்கெட் போடும்போது ஏறுமிடம் கோயம்பேடா கிளாம்பாக்கமா என்பதை இரண்டு முறை பாருங்கள். ஒன்றுக்குப் போட்டுவிட்டு இன்னொன்றில் போய் நின்றால் பஸ் போய்விடும். ரயிலில் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். கடலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருப்பது திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன். கடலூர் துறைமுகம் சந்திப்பு என்பது ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம், அங்கே இறங்கினால் திரும்ப ஆட்டோ பிடித்து வர வேண்டும்.

சில்வர்பீச்
கார் முடிவாகிவிட்டது. ஆல் இந்தியா பர்மிட் வண்டி, எல்லாம் சேர்த்து 6,800. கடைசியாக ஒன்று: அப்பா, அம்மா டிரைவரை எங்கே சந்திப்பது? அவர்களிடம் இந்திய சிம் இல்லை.

கோரிமேடு சிக்னல்
சிங்கப்பூர் சிம்மிலேயே ரோமிங் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஏர்போர்ட் வைஃபை ஓடிபி கேட்கும், அதை நம்ப முடியாது. ஆப் டாக்ஸி என்றால் மல்டிலெவல் பார்க்கிங் கட்டடம் வரை பெட்டியோடு போக வேண்டும். உங்களுடையது பேசி வைத்த வண்டி. ஆகவே டிரைவரை வண்டியை பார்க்கிங்கில் விட்டுவிட்டு, டி2 (பன்னாட்டு முனையம்) வருகை வாசலில் அப்பா பெயர் எழுதிய அட்டையோடு நிற்கச் சொல்லுங்கள். விமானம் இறங்கிய நேரத்தை நீங்கள் இங்கிருந்தே பார்த்து டிரைவருக்குச் சொல்லிவிட்டால், முன்கூட்டியே வந்து நின்று வெயிட்டிங் காசு கேட்கிற பேச்சும் எழாது. வண்டி நம்பர், டிரைவர் நம்பர், உங்கள் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அம்மா பாஸ்போர்ட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.