கோட் சொன்னது ஒன்று, கெட்டிருந்தது வேறொன்று: லாரி ஃபால்ட் கோட் அனுபவங்களைப் பகிருங்கள்

சங்ககிரி 12 சக்கரம்

நடந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டி, சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூர் லோடு. செக் லைட் அதற்கு முந்தைய நடையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. தொப்பூர் ஏற்றத்தில் பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது, சின்ன கியரில் உருட்டியே மேலே வந்தேன். தர்மபுரி தாண்டி ஒரு சர்வீஸ் பாயிண்டில் விட்டேன். லேப்டாப்பைச் சொருகினார்கள், 3226 என்று கோளாறு கோட் வந்தது. "பின்னாடி நாக்ஸ் சென்சார் போச்சுண்ணே, மாத்தினாத்தான் சரியாகும்" என்றார் அங்கிருந்த தம்பி. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் அந்த சென்சார் என்ன விலை என்று பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்ட்டி வேறு மணிக்கொரு தடவை போன். மாற்றினார்கள், கோட் எண்ணை அழித்தார்கள், பில் போட்டார்கள். கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் அதே லைட், அதே 3226.

ஓசூரில் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், வயதானவர், கையில் ஒரு சின்ன ஸ்கேனர் மட்டும்தான். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "3226 சரி, பக்கத்துல 9னு போட்டிருக்கே, இதை யாரும் பார்க்கலையா?" அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். சைலன்சர் பக்கம் போகும் ஹார்னஸை (வயர்க் கட்டை) கிளிப்பிலிருந்து கழற்றி, சேஸிஸ் குறுக்குக் கம்பியில் உரசும் இடத்தில் கட்டை விரலால் வளைத்துக் காட்டினார். மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டார். அதோடு விடவில்லை, என் பழைய சென்சாரையே திரும்ப மாட்டி வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கோட் வரவே இல்லை. நல்ல சென்சாரைத்தான் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம்.

உங்களில் யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கிறது?

நாமக்கல் எலெக்ட்ரிக்கல்

நண்பரே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தத் தம்பியை மட்டும் சொல்லிப் பயனில்லை. லேப்டாப் திரையில் பெரிய எழுத்தில் "நாக்ஸ் சென்சார்" என்று வருகிறது, கீழே பொடி எழுத்தில் 9. வெளியே வரிசையாக வண்டி நிற்கும்போது பெரிய எழுத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள்.

ஒரு விஷயத்தை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய லாரிகளில் பெரும்பாலும் ஜே1939 என்ற முறையில்தான் கோட் வருகிறது. முதல் எண் எஸ்.பி.என்., அது எந்த இடத்தைப் பற்றிய புகார் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எஃப்.எம்.ஐ., என்ன மாதிரிப் புகார் என்பதைச் சொல்கிறது. 110 என்றால் கூலன்ட் சூடு. 110-உடன் 0 வந்தால் கம்ப்யூட்டர் அந்த அளவை நம்புகிறது, என்ஜின் உண்மையிலேயே கொதிக்கிறது. அதே 110-உடன் 3 வந்தால் சிக்னல் வயரில் வோல்ட் அதிகம், பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும் அல்லது கப்ளர் கழன்றிருக்கும். 4 வந்தால் வோல்ட் கம்மி, வயர் எங்கோ பாடியில் தொடுகிறது. 2 என்றால் அளவு தாறுமாறாக ஆடுகிறது. 5, 6 இரண்டும் கரன்ட் சம்பந்தப்பட்டவை, இன்ஜெக்டர், சோலனாய்டு போன்றவற்றில் வரும். 7 என்றால் மெக்கானிக்கலாக ஏதோ ஒன்று சொன்னபடி அசையவில்லை. 9 என்றால் வர வேண்டிய தகவல் நேரத்துக்கு வரவில்லை. நாக்ஸ் சென்சார் தனக்கென்று ஒரு சின்ன பெட்டியோடு வரும், கேன் வயரில்தான், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயரில்தான், அளவை அனுப்பும். அதற்கு 9 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூஸ், சென்சாருக்கு வரும் சப்ளை, எர்த், கேன் வயர் இரண்டு. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சென்சார் மேல் கை வைக்க வேண்டும்.

காசே செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். 110-க்கு 4 வருகிறதா, சென்சார் கப்ளரைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள். 4 போய் 3 வந்துவிட்டால் வயரும் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கின்றன, சென்சார்தான் ஷார்ட். கழற்றிய பிறகும் 4 அப்படியே நின்றால் எத்தனை சென்சார் மாற்றினாலும் போகாது, வயரைத்தான் தேட வேண்டும். என் பட்டறைக்கு வந்த ஒரு கிரஷர் டிப்பரில் இப்படித்தான் கழற்றியும் 4 நின்றது. பாடி கட்டும்போது ஒரு கிளாம்புக்கு அடியில் வயரை வைத்து முறுக்கியிருந்தார்கள். வண்டிக்காரர் அதற்குள் இரண்டு இடத்தில் சென்சார் மாற்றிவிட்டு வந்திருந்தார்.

திருச்செங்கோடு ஆபீஸ்

எங்கள் வீட்டு வண்டிகளின் கணக்கும் போனும் நான்தான் பார்க்கிறேன். நாமக்கல் அண்ணா சொன்ன அந்த இரண்டாவது எண்தான் எங்கள் வண்டி ஒன்றின் என்ஜினைக் காப்பாற்றியது.

விசாகப்பட்டினம் லோடு. ஓங்கோல் தாண்டி நடு இரவில் டிரைவர் கூப்பிட்டார். "அக்கா, சிவப்பு லைட் எரியுது, மீட்டர்ல 100னு காட்டுது." 100 என்றால் ஆயில் பிரஷர். பக்கத்தில் இருந்த மாமா உடனே, "அது சென்சார்ப்பா, முன்னாடியும் இதே வண்டியில வந்துச்சுல்ல, விஜயவாடா போய் பார்த்துக்கச் சொல்லு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. முன்பு வந்தது 100, கூடவே 3, கப்ளரைத் துடைத்து மாட்டியதும் போய்விட்டது. நான் டிரைவரிடம் பக்கத்தில் என்ன எண் என்று கேட்டேன். அவர் துண்டால் மீட்டர் கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் போனில் கேட்டது. "ஒண்ணுக்கா."

ஒன்று என்றால் பிரஷர் நிஜமாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் மாமா நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல் "முதல்ல என்ஜினை ஆஃப் பண்ணுங்க" என்று கத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் சேஸிஸ் முழுக்க ஆயில், டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஒட்டவில்லை. வழியில் ஓரிடத்தில் அன்று காலைதான் ஆயில் ஃபில்டர் மாற்றியிருந்தார்கள். பழைய ரப்பர் கேஸ்கட் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை வைத்து இறுக்கிவிட்டார்கள். பிரஷர் தாங்காமல் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அந்த ராத்திரி இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் பேரிங்கும் கிராங்கும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நாமக்கல் எலெக்ட்ரிக்கல்

தங்கச்சி, நல்ல காரியம் பண்ணினீர்கள். ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் படிக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். 100-க்கு 3 வந்தாலும் டிப்ஸ்டிக் பார்க்காமல் ஓட்டக்கூடாது. சென்சார் கண் போய்விட்டால், அப்புறம் ஆயில் நிஜமாகவே இறங்கினாலும் வண்டி சொல்லாது.

அரியலூர் சிமெண்ட்

எல்லோரும் வயர் வயர் என்று பேசுகிறீர்கள். எனக்கு வந்தது 4364, கூட 18. நாமக்கல் அண்ணா சொல்கிற வயர் சோதனையை இதில் எங்கே வைப்பது? இது எஸ்.சி.ஆர். (யூரியா கரைசலைத் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் அமைப்பு) சரியாக வேலை செய்யவில்லை, புகையில் நாக்ஸ் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்று சொல்லும் கோட். எல்லா சென்சாரும் ஒழுங்காகப் பேசும், பேசுகிற அளவுதான் மோசமாக இருக்கும்.

என் வண்டியில் சர்வீஸில் இருந்தவர் டேங்கிலிருந்து ஒரு சொட்டு யூரியா எடுத்து, அதில் யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு என்னையே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 32.5-இல் நிற்க வேண்டும். எங்கேயோ கீழே, இருபதுகூட எட்டாமல் நின்றது. வழியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று டிரைவர் வாங்கி ஊற்றிய கேன். பாதி தண்ணீர். சீல் மட்டும் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு தண்ணீர் விற்கிறார்கள், வண்டி நடுரோட்டில் நின்றால் அவர்களுக்கு என்ன? டேங்கைக் காலி செய்து, கழுவி, நல்லது ஊற்றி, கொஞ்சம் ஓடிய பிறகு கோட் தானாகப் போனது. ஒரு பார்ட்டும் மாற்றவில்லை.

401 பாரவூர்தி

வணக்கம், நான் கனடாவில் ஓடுறன், ரொறன்ரோவிலிருந்து சட்பரி பக்கம். இங்கே குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்பு போடுவார்கள், அது வாகனத்தின் அடியில் உள்ள கனெக்டர் எல்லாவற்றையும் அரித்துவிடும். ஒரு நாள் விடியப்புறம் ஏ.பி.எஸ்., கியர்பாக்ஸ், என்ஜின் என்று எல்லா லைட்டும் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. ஸ்பீடோமீட்டர் முள் விழுந்து விழுந்து எழும்பியது, அந்த முள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கோட் ஒரு பட்டியலே வந்தது, அதுக்குள்ள கேன் வயரைப் பற்றிய 639-ம் இருந்தது.

பார்க்க வந்த மெக்கானிக் எங்கட ஆள்தான். பற்றரி மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஸ்கேனர் சொருகும் ஒன்பது பின் சொக்கெட்டில், கேன் வயர் வரும் சி, டி இரண்டுக்கும் நடுவில் மீற்றரை வைத்தார். 120 ஓம். "அறுபதெல்லோ இருக்கோணும்" என்றார். கேன் வயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் 60 காட்டும். 120 என்றால் ஒரு முனை விட்டுப்போச்சு. பின் பக்கக் கனெக்டரைத் திறந்தால் உள்ளே ஒரு பின் முழுக்கப் பச்சை. "ஒண்டும் மாத்த வேண்டாம், இதைச் செய்தாக் காணும்" என்று அதை மட்டும் புதுசாகப் போட்டார். அந்தப் பட்டியல் முழுக்கப் போய்விட்டது. கோட் கூட்டமாக வந்தால் ஒவ்வொன்றாகத் துரத்தாதையுங்கோ, எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று பாருங்கோ.

சங்ககிரி 12 சக்கரம்

அரியலூர் நண்பரே, டேங்கைக் கழுவும்போது கோட் எண்ணை முதலில் அழித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்களா? எங்கள் பக்கம் லைட் வந்தாலே பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிடு என்கிறார்கள்.

அரியலூர் சிமெண்ட்

இல்லை, கடைசி வரை அழிக்கவில்லை.

நாமக்கல் எலெக்ட்ரிக்கல்

பேட்டரி கழற்றுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். சில வண்டியில் கோட் போகும், சிலதில் போகாது, எதிலுமே கோளாறு போகாது. அந்தக் கோட் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையும் கூடவே பதிந்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும், விட்டுவிட்டு வரும் கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு அதுதான் பிடி. ஒரு முறை வந்து நின்றதா, நூறு முறை வந்ததா என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். அழிப்பதற்கு முன்னால் திரையை அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு எண்ணும், எண்ணிக்கையும் தெரிய வேண்டும், இப்போது இருக்கும் கோடா, முன்பு வந்து போனதா என்பதும் தெரிய வேண்டும்.

திருச்செங்கோடு ஆபீஸ்

அண்ணா, இன்னொரு வண்டியில் 520 ஆயிரத்துக்கு மேல் ஒரு எண் வருகிறது, 31 கூட. நெட்டில் கிடைத்த சார்ட்டில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறது. எதை நம்புவது?

நாமக்கல் எலெக்ட்ரிக்கல்

எதையும் நம்பாதீர்கள். 520192-லிருந்து மேலே உள்ள எண்களைக் கம்பெனிகளே தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியில் வால்வாக இருப்பது இன்னொன்றில் வேறு எதுவாகவோ இருக்கும். 31-ம் "இப்படி ஒரு நிலை இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும், அதை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. வண்டி மாடல், என்ஜின், எந்த வருடம், எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து அந்தக் கோட் வருகிறது, நான்கையும் போடுங்கள். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.