டூம், குவேக் லெவல் உருவாக்கம்: எந்த எடிட்டர், என்ன அமைப்பு?

தாழ்வாரம்:

வணக்கம் நண்பர்களே. டூம் 2 ஆட்டத்துக்கு ஐந்தாறு லெவல்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை உருவாக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை; அது நல்லபடியாக முடிந்தால் குவேக்கிலும் கைவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எடிட்டர் தேடப் புகுந்தால் அல்டிமேட் டூம் பில்டர், யுரேகா, ஸ்லேட், டிரெஞ்ச்புரூம், ஜாக், நெட்ரேடியன்ட் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. என்னிடம் இருப்பது லினக்ஸ் நிறுவிய பழைய லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விசைப்பலகையில் எண் பகுதியும் இல்லை. நண்பரின் விண்டோஸ் கணினியில் டூம் பில்டரைத் திறந்து பார்த்தபோது, ஒரு கோடு வரைவதற்கு முன்பே எந்த கேம் கான்ஃபிகரேஷன் வேண்டும் என்று கேட்டு நீண்டதொரு பட்டியலைக் காட்டியது, அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு ஆட்டங்களுக்கும் ஒரே எடிட்டர் போதுமா, அந்தப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது, விசைகளைத் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

செக்டர்பித்தன்:

ஒரே எடிட்டர் போதாது. 1993-இல் வெளிவந்த டூமின் லெவல் என்பது அடிப்படையில் மேலிருந்து பார்க்கும் ஒரு தரைப்படம். புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகள் சூழ்ந்த செக்டர்கள், ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு தரை உயரமும் ஒரு கூரை உயரமும், அவ்வளவுதான். ஓர் அறையின் மேல் இன்னோர் அறையை அடுக்க மூல எஞ்சினில், அதாவது ஆட்டத்தை இயக்கும் நிரலில், வழியில்லை. 1996-இல் வந்த குவேக்கிலோ பிரஷ் எனப்படும் திண்மக் கட்டிகளை முப்பரிமாணத்தில் அடுக்கிக் கட்டுகிறோம். ஒன்றுக்காக எழுதப்பட்ட எடிட்டர் மற்றதற்கு உதவாமல் போவது இதனால்தான்.

அந்தப் பட்டியலில் நீங்கள் நின்றுவிட்டது நியாயமே, ஏனெனில் எடிட்டரைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய முடிவு அங்கேதான் இருக்கிறது: உங்கள் லெவல் எந்த எஞ்சினில் ஓட வேண்டும் என்பது. மூல டூம் எஞ்சின் ஒரே பார்வையில் 128 விஸ்பிளேன்களுக்கு மேல் தாங்காது. அதாவது, உயரத்திலோ படத்திலோ ஒளியிலோ வேறுபடும் தரை, கூரைப் பரப்புகள் ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது அளவுக்கு மிஞ்சித் தெரிந்தால் ஆட்டம் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். இன்றைய எஞ்சின்களில் சாக்லேட் டூம் இவ்வரம்பை வேண்டுமென்றே அப்படியே காத்துவருகிறது, கிரிஸ்பி டூம் நீக்கிவிட்டது. லெவலைச் சேமிக்கும் வடிவங்களில் மறுமுனையில் இருக்கும் யூடிஎம்எஃப் சரிவான தரைகள் முதலிய வசதிகளைத் தரும். ஆனால் ஜிஇசட்டூம் போன்ற சில எஞ்சின்களோடு உங்களைக் கட்டிப்போட்டுவிடும். முதல் தொகுப்புக்கு நான் சொல்வது பூம் வடிவம். 1998-இல் வந்த இந்த விரிவாக்கத்தை இன்று புழக்கத்தில் உள்ள பெரும்பாலான எஞ்சின்கள் ஏற்றுக்கொள்கின்றன. நகரும் தரை, ஆழமான நீர் போன்றவை அதிலேயே உண்டு. நீங்களாகத் தேடிப் போனாலொழிய சிக்கலும் வராது.

எடிட்டரைப் பொறுத்தவரை, விண்டோஸ் இருந்தால் அல்டிமேட் டூம் பில்டரைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில், விண்டோஸுக்கான டாட்நெட் நிரல்களை ஓட்ட உதவும் மோனோவின் துணையோடு அதைத் தொகுத்து ஓட்ட முடியும் என்றாலும், அதன் முப்பரிமாணக் காட்சி ஓரளவு புதிய ஓபன்ஜிஎல் ஆதரவைக் கேட்கும். உங்கள் லேப்டாப் திணறக்கூடும். யுரேகா எடையற்றது, லினக்ஸில் நேரடியாக ஓடுவது, டெபியன் களஞ்சியத்திலேயே கிடைப்பது. ஸ்லேடிலும் வரைபட எடிட்டர் உண்டு. ஆயினும் வாட் கோப்புக்குள் (டூமின் லெவல்கள், படங்கள், ஒலிகளை எல்லாம் அடக்கிய கோப்பு) இசை, படங்கள், பெயர்ப்பலகைகளைச் சேர்க்கத்தான் அதை வைத்துக்கொள்வேன்.

மாற்ற வேண்டிய அமைப்புகள் உண்மையில் மிகச் சிலவே. டூம் 2-இன் வாட் கோப்பை ஆதாரமாகச் சேர்க்காவிட்டால் எந்த டெக்ஸ்சரும், அதாவது சுவர், தரைகளில் ஒட்டும் படமும், கண்ணில் படாது. விலை கொடுத்து வாங்கிய பிரதி இல்லையென்றால் அதற்கு இலவச மாற்றான ஃப்ரீடூம் கோப்பு போதும். அடுத்ததாக, சோதனைக்கான எஞ்சினின் இருப்பிடத்தைக் குறித்துவிடுங்கள். டூம் பில்டரில் அதன்பின் எஃப்9-ஐத் தட்டினால் வரைந்துகொண்டிருக்கும் லெவலுக்குள் நேரே இறங்கிவிடலாம். லெவலை எஞ்சின் வரைவதற்கு ஏற்ற துண்டுகளாகப் (நோடுகளாக) பிரிக்கும் நோடு பில்டர், சோதனையின்போது விரைவாக முடியும் வகையிலும், இறுதிச் சேமிப்பின்போது முழுமையாகச் செய்யும் வகையிலும் தனித்தனியே அமைக்க இடமுண்டு. கட்டத்தின் அளவை வெறும் ரசனை என்று எண்ணிவிட வேண்டாம். தரைப் படங்கள் 64-க்கு 64 அளவுள்ளவை. மூல வடிவத்திலும் பூமிலும் அவை இயல்பாக வரைபடத்தின் 64 கட்டத்தோடு ஒட்டியே பதியும். டெலிபோர்ட்டர் மேடையை 16 அலகு தள்ளி வைத்தால் அதன் நட்சத்திரம் ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும். வரைபடத்தை 64-இல் தொடங்கி, நுணுக்கங்களுக்கு மட்டும் 8 வரை இறங்குவது என் வழக்கம்.

பிரஷ்கொத்தன்:

குவேக் பற்றி மட்டும் சொல்கிறேன். லினக்ஸில் டிரெஞ்ச்புரூம் நன்றாக ஓடும். பழைய வேர்ல்டுகிராஃப்ட், பின்னர் வால்வ் நிறுவனத்திடம் போய் ஹாம்மர் ஆன அதே எடிட்டர், மூன்று தட்டைப் பார்வைகளும் ஒரு முப்பரிமாணப் பார்வையுமாகப் பழக்கிவிட்டதால், அதில் கைதேர்ந்தவர்கள் ஜாக்கை விரும்புகிறார்கள். புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்தப் பழக்கச் சுமை இல்லை. முப்பரிமாணப் பார்வைக்குள்ளேயே கட்டியை இழுத்து, வெட்டி, நீட்டும் டிரெஞ்ச்புரூமின் முறை விரைவில் கைவந்துவிடும். நான்கு பார்வைகளும் வேண்டும் என்றால் விருப்ப அமைப்பில் அதற்கும் வழியுண்டு.

இங்கும் வடிவம்தான் முதல் கேள்வி. புதிய வரைபடம் தொடங்கும்போது ஸ்டாண்டர்டு வடிவத்தை விட்டு வால்வ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இது டெக்ஸ்சர் பதியும் அச்சுகளையும் ஒவ்வொரு முகத்துக்கும் சேர்த்தே எழுதிவைப்பதால், சாய்ந்த சுவர்களைச் சுழற்றினாலும் கற்களின் வரிசை கோணலாகாது. பாதி கட்டிய பின் மாற்றுவது வீண் வேலை.

மேப் கோப்பை ஆட்டம் நேரடியாகப் படிக்காது. வடிவத்தைக் கட்டும் கியூபிஎஸ்பி, எங்கிருந்து எது தெரியும் என்று கணிக்கும் விஸ், ஒளியைக் கணிக்கும் லைட் என்ற மூன்று கருவிகள் அடுத்தடுத்து ஓடி அதைத் தொகுக்க வேண்டும். இதற்கு, இம்மூன்றும் அடங்கிய எரிக்டபிள்யூ கருவித் தொகுப்பை நிறுவி, டிரெஞ்ச்புரூமின் தொகுப்பு அமைப்பில் இரண்டு வகைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சோதனைக்கான வகையில் விஸ்ஸுக்கு ஃபாஸ்ட் தெரிவைக் கொடுங்கள். முழு விஸ்ஸை வெளியீட்டுக்கான வகைக்கு ஒதுக்குங்கள், பெரிய வரைபடத்தில் அது நெடுநேரம் எடுக்கும். லெவலின் வெளிச்சுவரில் ஓர் அலகு இடைவெளி இருந்தாலும் கியூபிஎஸ்பி கசிவு என்று அறிவிக்கும், விஸ்ஸும் ஓடாது. அப்போது உருவாகும் புள்ளிக் கோப்பை எடிட்டரில் ஏற்றினால், உள்ளே உள்ள ஏதோவொரு விளக்கிலோ எதிரியிலோ தொடங்கும் கோடு அறை அறையாகச் சென்று அந்த இடைவெளி வழியே வெளியேறுவதைக் காணலாம். அந்த இடத்தில் சுவரைச் சேர்த்து மூடுங்கள். முழு லெவலையும் ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்துத் தப்பிப்பவர்கள் உண்டு, அது விஸ்ஸின் வேலையையே கெடுக்கும்.

விசைவிரல்:

விசைகளைப் பற்றி இருவருமே பேசவில்லை. இயன்றவரை அவற்றை மாற்றாதீர்கள் என்பதே என் கருத்து. வழிகாட்டிகள் எல்லாம் இயல்பு விசைகளைக் கொண்டே எழுதப்பட்டவை. எஃப்4-இல் பிழைச் சோதனை வரும் என்று ஒருவர் எழுதியிருக்க, உங்களிடம் அங்கே வேறேதோ இருந்தால் கற்பதே இழுபறியாகிவிடும். விதிவிலக்கு, உங்கள் லேப்டாப்பில் எண் பகுதி இல்லாதது. பிற்காலத்தில் டியூக் நியூகெம் 3டி ஆட்டத்தின் பக்கம் போனால், அதன் பில்ட் எடிட்டரின் வழிவந்த மேப்ஸ்டர்32, எண் பகுதியின் என்டர் விசையைக் கொண்டுதான் தட்டைப் பார்வைக்கும் முப்பரிமாணப் பார்வைக்கும் மாறும். அங்கே மாற்றாமல் தீராது. செக்டர்பித்தன் யுரேகாவை எடையற்றது என்று சொன்னதை ஏற்கிறேன், ஆனால் டெக்ஸ்சர்களைச் சுவருக்குச் சுவர் ஒட்டவைக்கும் வேலையில் டூம் பில்டரின் வேகம் அதற்கு வராது என்பதையும் சொல்லியிருக்கலாம்.

தாழ்வாரம்:

மூவருக்கும் நன்றி. யுரேகாவை நிறுவி, டூம் 2, பூம் என்று அமைத்துவிட்டேன். முதல் அறை வந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். லெவலை யுரேகாவில் வரைந்து, டெக்ஸ்சர் வேலையை நண்பரின் கணினியில் டூம் பில்டரில் முடித்தால் கோப்பு கெட்டுவிடாதா?

செக்டர்பித்தன்:

கெடாது. இரண்டும் எழுதுவது அதே புள்ளிகளையும் கோடுகளையும் செக்டர்களையும்தான். நோடுகளை எந்த எடிட்டரும் சேமிக்கும்போது புதிதாகக் கட்டிக்கொள்ளும். டூம் பில்டர் தன் சொந்த அமைப்புகளை வாட் கோப்புக்கு அருகில் டிபிஎஸ் என்ற தனிக் கோப்பில் வைக்கும். யுரேகா தன் குறிப்புகளை வாட் கோப்புக்குள்ளேயே ஒரு சிறு பதிவாகச் சேர்த்துவிடும், ஆட்டம் அதைப் பொருட்படுத்தாது. நண்பரின் கணினியிலும் பூம் கான்ஃபிகரேஷனையே தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். தவறி யூடிஎம்எஃப் வடிவத்தில் சேமித்துவிட்டால் பல பூம் எஞ்சின்கள் அதைத் திறக்காது. வெளியிடும்போது டிபிஎஸ் கோப்பை ஜிப்பில் சேர்க்க வேண்டாம்.